பிமலா மூடிப் பார்த்த கதவுகள்

போன வாரம் பெய்த மழையில் எங்கள் வீட்டுப் பின்கதவு ஊதிப்போய் மூட மறுத்தது. பதுளையில் இது வருஷா வருஷம் நடப்பதுதான். தச்சுவேலை பாஸ் வந்து, கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, சீவுளியை ஓட்டினார். ஈர மரத்தின் வாசனை வீடெங்கும் பரவியது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய், மண் எங்காவது பிளந்திருக்கிறதா என்று தேடினேன். பாஸ் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சீவத் தொடங்கினார். ஐம்பதை நெருங்குகிற பெண்களுக்கு இப்படியெல்லாம் வரும் என்று நினைத்திருப்பார்.

உங்களுக்குச் சொல்வதற்கென்ன, இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கடைவீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இயங்கிய சின்ன இளைஞர் அமைப்பில் முதல் வேலை. படியேறும்போதே கஞ்சி போட்ட புதுத்துணி மணக்கும். நேபாளம், இந்தியா, பங்களாதேஷ், இலங்கை என்று நான்கு நாட்டு அமைப்புகள் சேர்ந்து, வருஷத்துக்கு ஒரு தடவை தங்கள் இளைஞர்களை ஒரு நாட்டில் கூட்டி வேலை செய்ய வைக்கும். அந்த வருஷம் எங்கள் முறை. பன்னிரண்டு பேர் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பத்து நாள் தங்கி, பிள்ளைக் காம்பராவைப் பழுதுபார்க்க வேண்டும். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற கட்டடம் அது. நான்தான் ஒருங்கிணைப்பாளர். அரைமணிக்கு ஒரு கட்டம் போட்ட நிகழ்ச்சி நிரல் கையில் இருந்தது. தெற்காசியாவின் சமாதானமே அந்தத் தாளில் தொங்குவதாக எனக்கு நினைப்பு. கடைக்காரர் மகளான நான் அதற்குமுன் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயம் ஒன்றுக்குள்ளும் கால் வைத்ததில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வர்ணம் பூசும் நேரத்தில் நேபாளத்துப் பிமலாவைக் காணவில்லை. அதிகம் பேசாத பெண். என்னைவிட ஒரு வயது இளையவள். தேடிப்போனால், மேல் லயத்தில் வீடு வீடாகப் போய்க் கதவுகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பத்து வீட்டுச் சனமும் வாசலில் நின்று சிரித்தது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நிரலில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

ஆறு கதவுகள் நிலையில் இடித்துக்கொண்டு நின்றன. எத்தனை நாளாக இப்படி என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். ஓரத்து வீட்டுச் செல்லம்மாக்கா சாதாரணமாகத்தான் சொன்னார்: “போன மாசந்தான் சீவுனோம் மிஸ். மறுபடி புடிக்குது.”

சீவியும் பிடித்தால் ஊதியது மரமல்ல, நிலைதான் நகர்கிறது என்றுவிட்டுப் பிமலா லயத்துக்குப் பின்னால் ஏறினாள். நானும் வழுக்கி வழுக்கிப் பின்னால் போனேன். தேயிலைக்கு மேலே மானாப்புல்லை விலக்கினால், கணுக்கால் நுழைகிற அகலத்தில் ஒரு வெடிப்பு மலையின் குறுக்கே ஓடியது. அதன் இரு பக்கமும் ஒவ்வொரு குச்சியை அறைந்து, சால்வையிலிருந்து உருவிய நூலை நடுவில் விறைப்பாகக் கட்டினாள். மறுநாள் காலை போய்ப் பார்த்தோம். நூல் அறுந்திருந்தது. வேறு நூல் கட்டினாள். மத்தியானத்துக்குள் அதுவும் அறுந்தது.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் பத்து வீட்டாரையும் கூட்டினார். பிமலா ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல வேண்டும். இன்றே எல்லோரும் இறங்க வேண்டும் என்றாள். எனக்கு ஒரே யோசனை. ஒன்றும் நடக்காவிட்டால்? “கொஞ்ச நாளைக்குக் கீழ இருந்தா நல்லதாம்” என்றேன். சனம் தலையாட்டிவிட்டுக் கலையத் தொடங்கியது.

தமிழில் ஒரு சொல் தெரியாத பிமலா அந்த முகங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சொன்னதையா சொன்னாய் என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் மறுபடி கூப்பிட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “மலை நகருது. இன்னைக்கே எறங்கணும். புள்ளைகளத் தூக்கிக்கிட்டு வாங்க, மத்ததெல்லாம் பொறகு பாத்துக்கலாம்.”

தலைவர் மேலே மலையைப் பார்த்தார். “எறங்குங்க” என்றார். அவ்வளவுதான்.

பாதி பழுதுபார்த்த பிள்ளைக் காம்பராவில் பத்துக் குடும்பங்கள், ஆடுகள், கோழிகள், நான்கு நாட்டு இளைஞர்கள். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. சனம் முணுமுணுத்தது. நான் பிமலாவின் கண்ணில் படாமல் திரிந்தேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். பெரிய லொறி ஏறிவருவதுபோல ஒரு சத்தம். எல்லோரும் வெளியே வந்தோம். தேயிலைச் செடிகள் நின்ற வாக்கிலேயே, வரிசை குலையாமல், கீழே நடந்து வந்துகொண்டிருந்தன. அந்தக் காட்சியை இன்றுவரை என்னால் வேறு மாதிரிச் சொல்ல முடியவில்லை. லயத்தின் தகரக்கூரை தாள்போல மடிந்தது. அப்புறம் கூரையும் இல்லை. கீழே ஓடைவரை இறங்கி நின்றது மண். ஒரு குழந்தைகூட அழவில்லை. பச்சை வேர்களின் வாசனை மட்டும் எங்களிடம் வந்து சேர்ந்தது. இத்தனை பெரியது ஒன்று கண்ணெதிரே நகர்ந்ததும், அதை ஒரு சால்வை நூல் முன்பே அறிந்திருந்ததும் ஒருசேர உறைக்க, நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

செல்லம்மாக்கா பிமலாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். அப்போதுதான் அவள் அழுதாள். பிறகு தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள். அவள் அப்பா தச்சராம். ஒரு மழைக்காலத்தில் ஊரிலே எல்லா வீட்டிலும் கதவு பிடிக்கிறதென்று அவரைக் கூப்பிட்டார்களாம். இவ்வளவு வேலை எந்த வருஷமும் வந்ததில்லை என்று அப்பாவுக்கு அத்தனை சந்தோஷமாம். பக்கத்து ஊரில் அத்தை வீட்டிலிருந்து படித்த அவள், விடுமுறைக்குத் திரும்பியபோது ஊர் இருந்த இடத்தில் மண்தான் இருந்ததாம்.

நான் நிகழ்ச்சி நிரலை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அந்தப் பரிமாற்றம் பிறகு மூன்று வருஷம் நடந்தது. அப்புறம் விசா, செலவு, அமைப்புகளுக்குள் பிணக்கு என்று ஒவ்வொன்றாக வந்து நின்றுபோனது. பிமலாவின் கடிதங்கள் கொஞ்ச காலம் வந்தன. எங்கள் மேல்மாடி அலுவலகத்தில் இப்போது போன் திருத்துகிறார்கள்.

போன வருஷம் அந்தப் பக்கம் போயிருந்தேன். சனத்துக்குக் கீழே புது வீடுகள் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். செல்லம்மாக்கா காலமாகிவிட்டார். கம்பஸில் பட்டத்துக்குப் படிக்கிற அவருடைய பேத்தி தேத்தண்ணீர் கொடுத்தாள். சரிவைக் காட்டி, அங்கே பத்து வீட்டு லயம் ஒன்று இருந்தது, ஒரு காலையில் இல்லாமல் போனது என்றேன். எல்லாம் காடாகிக் கிடந்தது. அவள் அதிர்ந்துபோய்ப் பார்த்தாள்.

“எத்தன பேரு செத்தாங்க மிஸ்?”

“யாரும் இல்லம்மா” என்றேன்.

அப்படியா என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சீனி வேண்டுமா என்று கேட்டாள்.