வாசனை வருதா சார்?

செய்திக்கு முன்னால் வாசனைதான் வந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வெண்ணெயும் பழமும் கலந்தது போன்ற ஒன்று மூக்கில் ஏறியது. "பழம் ஏதாவது அழுகிக் கிடக்கா?" என்று மனைவியைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் வரலையே" என்றாள். அப்போது தொலைபேசி அடித்தது. அன்வர் பாயின் தம்பி. "அண்ணன் போயிட்டாரு சார். தூக்கத்துலயே."

எங்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் அன்வர் பாய். பென்சீன் போன்ற திரவங்களின் ஆவியிலேயே இளமையைக் கழித்து, மோப்பத்தை அடியோடு இழந்தவர். அதனாலேயே ஆளைக் கெடுக்காத கரைப்பான்களைத் தேடினார். மஞ்சிட்டி வேரின் சிவப்புச் சாயம், அப்படிப்பட்ட திரவமான எத்தில் லாக்டேட்டில் எவ்வளவு கரைகிறது என்று இருவரும் அளந்தோம். கரைசலை வடிகட்டி, பீங்கான் கிண்ணத்தில் அளந்து ஊற்றி, திரவம் முழுக்க ஆவியாகும்வரை சூடுபடுத்தி, மிஞ்சிய சாயத்தை எடைபோட வேண்டும். திரவம் துளி தங்கினாலும் எண் பொய்யாகிவிடும்.

"எடை ரெண்டு தடவை ஒண்ணா வந்தா பத்தாது சார். வாசனை போவணும்" என்பார். அவருக்கும் சேர்த்து மூக்கு நான்தான். கிண்ணத்தை என் முகத்தருகே நீட்டி, என்னையே பார்த்துக்கொண்டு கேட்பார்: "வாசனை வருதா சார்?"

"கோயில் புளியோதரையை நாலு வீதி தள்ளிப் பிடிக்கிற மூக்கு பாய் இது" என்று நான் பெருமையடிப்பேன்.

கருட சேவைக்கு முந்தின மாலை, கடைசிக் கிண்ணம். விடியற்காலையில் பிரபந்தம் பாடும் கோஷ்டியில் நிற்க வேண்டும். எனக்குக் கால் பரபரத்தது. அன்று ஜலதோஷம் வேறு, மூக்கு அடைத்திருந்தது. "வாசனை வருதா சார்?" என்றார். "வரல பாய்" என்றேன். பொய் சொல்லவில்லை என்று வீடு போகும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரவம் தங்கியிருந்ததால் எண் அதிகமாக வந்திருந்தது. எங்கள் கட்டுரை வெளிவந்ததும் வேறொரு ஆய்வகத்தார் அளந்து பார்த்து, எங்கள் அளவுகள் எதையுமே நம்ப முடியாது என்று எழுதிவிட்டார்கள். துறைக் கூட்டத்தில் பாய் எழுந்து, "எடை போட்டது நான். தப்பு என் கையிலதான்" என்றார். யானைக்கும் அடி சறுக்கும் என்று யாரோ தேற்றினார்கள். நான் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு அவர் எதையும் அளக்கவில்லை. இன்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில், அன்று அங்கே இருந்த சிலருக்கு நினைவிருக்கும்.

ஓய்வுபெற்ற பிறகு வாலாஜாபாத் பேருந்தில் ஒருமுறை பார்த்துக்கொண்டோம். முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், இறங்கும் முன் கேட்டார்: "அன்னிக்கு வாசனை வந்துதா சார்?"

"வரல பாய்." அப்போதும் ஜலதோஷத்தைச் சொல்லவில்லை.

என் மூக்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி சார். வந்தா சொல்லுங்க."

பாயின் உடலைக் கிடத்தியிருந்த மையத்து வீட்டில் அத்தரும் ஊதுவத்தியும் மணந்தன. அவற்றுக்கு நடுவே காலையில் வந்த அதே வாசனை. எத்தில் லாக்டேட். கிண்ணத்தை நீட்டினால் வருமே, அந்தத் தூரத்தில். பின்னால் நகர்ந்தேன். அதுவும் கூடவே நகர்ந்தது. பாயின் தம்பியிடம் கேட்டேன். "அத்தர்தான் சார் அது" என்றார். அத்தர் எனக்குத் தெரியாதா?

மூக்கில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார் மருத்துவர். கோயில் துளசித் தீர்த்தத்திலும் அந்த வாசனைதான் வருகிறது. பயமாக இருக்கிறது, அதைவிட வெட்கமாக இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான். தப்பு அவர் கையில் இல்லை, என் மூக்கில். அவரை அறிந்த உங்கள் முன்னால் சொல்லிவிட்டேன்.

வருது பாய். எடை போடாதீங்க, இன்னும் வருது.