கையுறைக்குள் இருந்த கைகள்

புனே ஆய்வகமொன்றில் வேலை. குடல் பாக்டீரியா நார்ச்சத்தை எப்படிச் சிதைக்கிறது என்று பார்ப்போம். காற்றுப் பட்டால் அது செத்துவிடும். எங்கள் துப்புரவுப் பணியாளர், தாபோடித் தமிழ்க் குடியிருப்பில் இருக்கும் செல்வியக்கா, சோதனைக்குக் கொடுத்த அவருடைய மல மாதிரியை மூட மறந்தவன் நான். மறுநாள் நார் சிதையாமல் அப்படியே கிடந்தது.

பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு மறைத்ததாக அக்காவை இந்தியில் திட்டினார் ஆய்வுத் தலைவர்.

“நான் எந்த மாத்திரையும் போடல. நீங்களாச்சும் சொல்லுங்களேன், தம்பி.”

காற்றுப் புகாத பெட்டியின் ரப்பர் கையுறைகளுக்குள் என் இரு கைகளும் இருந்தன. உருவிக்கொண்டு உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். வேலை போய்விடுமென்று அசையாமல் நின்றேன்.

சாயங்காலம் அக்கா மெல்லக் கேட்டார்: “முந்தாநாள் வடாபாவ் சாப்பிட்டேன். அதுல ஏதாச்சும் மருந்து கலந்திருக்குமா, தம்பி?”

“இருக்கலாம்க்கா.”

அதிலிருந்து அவர் வடாபாவைத் தொடுவதில்லை. எனக்கும் அது தொண்டையில் இறங்குவதில்லை.