இடது பக்கத்து முட்டைக்கோஸ்

மதுரையில் நோயாளியிடம் ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டால், உடன் வந்த நாலு பேர் பதில் சொல்வார்கள். இங்கே மலேசியாவில், கேமரன் மலையில் யாரைக் கேட்டாலும் ‘ஓகே லா டாக்டர்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மூளை பாதிக்கப்பட்டவர்களின் கவனத்தையும் ஞாபகத்தையும் சோதித்துச் சொல்வது என் வேலை. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

தேயிலைத் தோட்டத்து லோரி ஓட்டுநர் தனபாலனும் அதையேதான் சொன்னார். பக்கவாதம் வந்து தேறியவர். தானா ராத்தா ஊர் மருத்துவமனையில் என் அறைக்கு அவரை அழைத்து வந்த மனைவி அஞ்சலை வெடித்துவிட்டார்.

“என்னா ஓகே? நான் வைக்கிற முட்டகோஸ தொடுறதே இல்ல டாக்டர். பக்கத்துல ஒக்காந்தா திரும்பிக்கூட பாக்கறதில்ல. ஈப்போவுல மக வீட்டுக்கே போயிடலாம்னு துணியெல்லாம் எடுத்து வச்சிட்டேன்.”

“முட்டகோஸா? எப்ப வச்ச?” என்று தனபாலன் திருதிருவென விழித்தார்.

மதுரையில் நான் பயிற்சி பெற்றபோது ஒருவர் சட்டையின் வலது கையை மட்டும் மாட்டிக்கொண்டு வருவார். வீட்டார் அதைத் திமிர் என்றார்கள். அவர் ஞாபகம் வந்ததும் அஞ்சலையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நட்சத்திரங்கள் அச்சிட்ட தாளைத் தனபாலனிடம் கொடுத்து எல்லாவற்றையும் பேனாவால் கோடு போட்டு அடிக்கச் சொன்னேன். வலது பாதியில் ஒன்று விடாமல் அடித்தார். இடது பாதிக்குப் பேனா போகவே இல்லை.

“முடிஞ்சிச்சி டாக்டர்.”

கண்ணில் கோளாறு இல்லை என்று ஏற்கெனவே பரிசோதித்துச் சொல்லியிருந்தார்கள். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதைத்தான் மூளை கவனிக்காமல் விட்டிருந்தது. அஞ்சலையை உள்ளே கூப்பிட்டுத் தாளைக் காட்டி விளக்கினேன்.

“முட்டைக்கோஸை எந்தப் பக்கம் வைப்பீங்க?”

“எப்பவும் எடது பக்கந்தான். நான் ஒக்கார்றதும் அங்கதான்...” தாளில் கோடு படாத பாதியின் மேல் விரலை வைத்தார். “அப்ப எம்மேல கோவம் இல்லியா?”

“கோவமா? எதுக்கு?” என்றார் தனபாலன்.

அஞ்சலை அழுதுகொண்டே சிரித்தார். அந்த நிமிடம் என் படிப்பை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தட்டின் இடது விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டி, அதைக் கண்டுபிடித்த பிறகே முதல் வாய் சாப்பிட வேண்டும் என்றேன். அஞ்சலை விடாப்பிடியாக நின்றார். சில மாதங்கள் கழித்து அதே சோதனையை வைத்தபோது தாளில் ஒரு நட்சத்திரமும் தப்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், அவர்கள் வீட்டில் எனக்கு விருந்து. தட்டில் டேப் இல்லை. தனபாலனின் கை தானாக இடது பக்கம் போனது. ஒரு வாய் மென்றார், முகத்தைச் சுளித்தார்.

“முட்டகோஸுல உப்பே இல்ல லா.”

“கேட்டீங்களா டாக்டர்? உப்பு இல்லியாம்!” என்று அஞ்சலை கைதட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குச் சொல்ல ஓடினார். அந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து அம்மாவின் போன் வந்தது.

“அம்மா, முட்டைக்கோஸ்ல உப்பு இல்லம்மா!” என்று கத்தினேன்.

“அதுக்கா இந்தக் குதி குதிக்கிற? என்னடி ஆச்சு உனக்கு?”

ஒரு காதில் அம்மா பதிலுக்குக் காத்திருந்தாள். மறு காதில் லயமே சிரித்துக்கொண்டிருந்தது. எந்தக் காதையும் பொத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.