மூன்றாம் மாதம் வரை ஓட்டலாம்

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் யாழ்ப்பாணத்திலிருந்து, அப்போது மலையாள சமஸ்தானத்தில் இருந்த நாகர்கோவிலுக்கு ஆசிரியராக வந்தேன். அஞ்சுகிராமத்து வியாபாரி ஒருவரிடம் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன். நான் வெளிநாட்டான் என்பதால், என் பெயருக்குப் பதிய உள்ளூர்க்காரர் ஒருவரின் ஜாமீன் கடிதத்தை வண்டிப் பதிவு ஆபீசில் கேட்டார்கள். அதுவரை ஓட்டிக்கொள்ள ஒரு சீட்டும் தந்தார்கள். ‘25-3-1124 வரை’ என்றிருந்தது. ஆண்டு கொல்லம் கணக்கு என்பது தெரியும். மாதம் மார்ச்தானே, நிறைய நாள் இருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டேன்.

ஒரு மழைநாள் மதியம், ஆரல்வாய்மொழி எல்லைச் சாவடியில் போலீஸ்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

“சாரே, இது இன்னைக்கோட முடியுதே.”

“மார்ச் வரை இருக்கிறதே.”

“இங்க ஆவணியிலல்லா வருசம் பொறக்குது. மூணாம் மாசம்னா ஐப்பசி. இன்னைக்கு இருவத்தஞ்சு. நாளைக்கு வந்திருந்தா வண்டியப் பிடிச்சு வச்சிருப்பேன்.”

வண்டி போனால் போகட்டும். அந்நிய ஊரில் வழக்கென்று வந்தால் வேலையும் போய்விடுமே. அங்கேயே வண்டியைத் திருப்பினேன். ஜாமீன் தருவதாகச் சொல்லியிருந்த தலைமையாசிரியரை வகுப்பிலிருந்து வெளியே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினேன். சொட்டச் சொட்ட ஆபீசுக்குள் நுழைந்தபோது குமாஸ்தா பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தார். முணுமுணுத்தபடியே மறுபடி திறந்தார்.

இப்போதெல்லாம் எந்தச் சீட்டிலும் மாதத்தின் பெயரை எழுதி வாங்காமல் நான் நகர்வதில்லை. அந்தப் பழக்கம் அந்த மேஜை முன்னாலேயே தொடங்கிவிட்டது. குமாஸ்தா பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, “பிறந்த தேதி சொல்லும்” என்றார்.

“எந்தக் கணக்கில்?” என்று கேட்டேன்.