வலப்பக்கத்துப் பூவேலை

கெபாயா (மலாய்ப் பெண்கள் போடும் முன்திறப்புச் சட்டை) தைக்க அளவெடுத்தபோதுதான் முதலில் கையில் தட்டுப்பட்டது. வலது மார்பில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி. வலிக்கவில்லை. அதனால் சும்மா இருந்துவிட்டேன்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் வாய் வரவில்லை. டிரெசர் (டாக்டருக்கு முன் நோயாளியைப் பார்க்கும் உதவியாளர்) ஆண்பிள்ளை, போதாததற்கு எங்கள் காஜா பேராங் தெருக்காரர். "நெஞ்சுல என்னமோ பண்ணுது" என்றேன். அவரும் அதையே டாக்டரிடம் சொன்னார். டாக்டர் சட்டைக்கு மேலே குழாயை வைத்து இதயத்தைக் கேட்டுவிட்டு மருந்துத் தண்ணி கொடுத்தார். நானும் சமர்த்தாகக் குடித்தேன். இதைப் படிக்கும் பெண்களே, வெட்கப்பட்டுக்கொண்டாவது சரியான பெயரைச் சொல்லிவிடுங்கள்.

கட்டி நெல்லிக்காய் அளவானதும் கணவரிடம் சொல்லி அழுதேன். "ஆபத்துக்குப் பாவமில்ல. நீ வா, நான் சொல்றேன்" என்று கூட்டிப்போனார். அவர் சொல்லும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புற்று என்றார்கள். மார்பை முழுதாக எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் (கிருமி வந்தால் வீங்கும் சிறு முடிச்சுகள்) சேர்த்து எடுத்தார்கள். நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம் அது. வார்டு முழுக்க மெர்டேக்கா (மலாயில் சுதந்திரம்) பேச்சு. எனக்கோ கட்டுப் பிரிக்கும் நாளை நினைத்துத்தான் பயம்.

வீட்டுக்கு வந்தபின் முந்தானையைத் தோளில் போடக்கூடக் கை உயரவில்லை. முன்பக்கம் ஊசி குத்தி மூடும் கெபாயாதான் சரிப்பட்டது. உள்ளே போட ஒரு பாடி தைத்து, வலப்பக்கம் இலவம்பஞ்சு அடைத்தேன். பஞ்சுக்குக் கனமில்லை, நடந்தால் மேலேறிவிடும். அது தெரியாமலிருக்க கெபாயாவின் வலப்பக்கம் முழுக்கப் பட்டுநூலில் பூப்போட்டேன். முழ நூலை இழுக்கக் கை நீளாது. சாண் சாணாகக் கோத்தேன். "கைக்கு நல்ல பயிற்சி" என்று டாக்டருக்கு மகிழ்ச்சி. நான் ஒளிந்துகொள்ளத்தான் தைத்தேன்.

அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பக்கத்து வீட்டு மீனாட்சி அக்கா அங்கே இருந்தார். அவர் மலாக்கா செட்டி வம்சம். சாமி நம் சாமி, பேச்சு மலாய். அவர்கள் கெபாயாவின் பூவேலையை முன்பக்கம் பார்த்துப் பாராட்ட மாட்டார்கள். துணியைத் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்ப்பார்கள். எனக்கு இது தெரியும். தெரிந்தும் மறந்துபோனேன்.

அக்கா ஓரத்தைப் பிடித்துத் திருப்பினார். விரல்கள் பஞ்சுக்குள் புதைந்தன. கையை எடுக்காமல், "சாக்கிட்?" (வலிக்கிறதா?) என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். இலையில் உட்காராமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மானம் போய்விட்டது என்றிருந்தது. அதன்பின் அவர் கதவைத் தட்டிய போதெல்லாம் உள்ளே மூச்சுக் காட்டாமல் இருந்தேன்.

ஒருநாள் பின்வாசல் வழியாக நேரே சமையலறைக்கே வந்துவிட்டார். பரிதாபப்பட வந்திருக்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உனக்கு வலிக்கலன்னு சொன்னேதானே" என்று மலாயில் கேட்டார். "எனக்கும் ஒன்னு இருக்கு. வலிக்கல. அப்படின்னா பயமில்லதானே?"

அவர் கேட்டது கட்டியைப் பற்றி. நான் அன்று சொன்னது தழும்பைப் பற்றி. வாயால் விளக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஊசிகளைக் கழற்றி, பாடியையும் கழற்றிக் காட்டினேன். அதுவரை அந்த இடத்தை நானே குனிந்து பார்த்ததில்லை. அன்று அவரோடு சேர்ந்து நானும் பார்த்தேன். உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் மூடவில்லை.

"எனக்கும் வலிக்காமத்தான் இருந்துச்சுக்கா" என்றேன்.

மறுபடி ஊசி குத்தி முடிக்க நேரமெடுத்தது. கை இன்னும் என் அவசரத்துக்கு வரவில்லை. அக்கா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக எனக்காக வாசலில் நின்றார்.