பெரியநாயகி விளக்கிய பேரிங்

உத்திராபதிக்கு உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. ஐம்பத்து மூன்று வயதில் இடுப்பு அப்படியாகிவிட்டது. பகலெல்லாம் காரைக்காலில் ஓர் ஆபீசில் பியூன் வேலை. சாயங்காலம் சைக்கிளை மிதித்து நெரவிக்கு வந்தால் கூடத்தில் தண்ணீர் இறைக்கும் டீசல் இஞ்சின் பிரிந்து கிடக்கும். கொட்டகையில் புழுதி என்று அந்தக் கிழட்டு இஞ்சினை வீட்டுக்குள் கொண்டுவந்து ஒன்றரை மாதமாகிறது. அவரும் மனைவி பெரியநாயகியும் அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தார்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷத்துத் தை பிறக்கச் சில நாளே இருந்தது. வயலில் மூன்று மா நிலம் தாளடி நெல், கதிர் பால் பிடிக்கும் நேரம். மழையோ ஏமாற்றிவிட்டது. வடிகால் வாய்க்காலில் தேங்கிக் கிடந்ததை இறைத்து ஊற்றாவிட்டால் அத்தனையும் பதர்தான். பொங்கல் முடிவதற்குள் இஞ்சின் ஓடியாக வேண்டும்.

மிச்சமிருந்தது இஞ்சின் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கை மாட்டுவது ஒன்றுதான். லீவு போட்டு, நாகப்பட்டினத்து லேத் பட்டறையில் மூன்று நாள் காத்துக் கிடந்து, உள்ளே புதிதாய் ஈயம் வார்த்துக் கடைந்து வாங்கி வந்திருந்தார். இரண்டு பாதி. வெளியே பித்தளை நிறம், உள்ளே வழவழவென்று இருக்கும். எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி மாடத்தில் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனார்.

போகிக்கு முந்தின நாள் அது. பெரியநாயகி குத்துவிளக்கு, தவலை, சொம்பு எல்லாவற்றையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் புளியும் செங்கல் தூளும் போட்டு விளக்கினாள். மாடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்ததும் பித்தளைச் சாமான்தானே என்று அதையும் உள்ளும் புறமும் அழுந்தத் தேய்த்தாள். மனுஷன் ஒண்டியாய் மாரடிக்கிறாரே, நம்மால் ஆன ஒத்தாசை என்ற நினைப்பு.

சாயங்காலம் அவர் அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே முழுக்கக் கீறல், இப்படியே மாட்டினால் இஞ்சின் இறுகிவிடும். பட்டறை பொங்கல் கழித்துத்தான் திறக்கும்.

"பளபளன்னு இருக்குல்ல?" என்றவள் அவர் முகத்தைப் பார்த்ததும் அருகே வந்தாள். "என்னங்க, தப்புப் பண்ணிட்டனா?"

"ம்."

அவ்வளவுதான். திட்டக்கூடத் தெம்பில்லை அந்த மனிதருக்கு.

போகியும் பொங்கலும் மாட்டுப் பொங்கலும் பேரிங்கோடு போயின. கீறலைச் சமன்படுத்தத் தண்டில் மை தடவி, பேரிங்கை மாட்டி, ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுவார். மை ஒட்டிய மேட்டைப் பிளேடால் சுரண்டுவார். மறுபடி மாட்டுவார். மை தீர்ந்தபோது பெரியநாயகி தன் கண்மைச் சிமிழைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பேசாமல் எடுத்துக்கொண்டார். இப்படி வாயடைத்த மனிதரோடு குடித்தனம் பண்ணுவதற்கு நாலு வசவு வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை, பூட்டி முடித்த இஞ்சினை வண்டியில் ஏற்றி வாய்க்கால் கரையில் இறக்கினார்கள். மூன்றாம் தடவை ஹேண்டில் போட்டுச் சுற்றியதும் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. அப்பாடா! இரண்டு மா நனைந்திருக்கும், உள்ளே டொக் டொக்கென்று தட்ட ஆரம்பித்தது.

"நிறுத்துங்க, ஒடஞ்சிடப் போவுது!"

"ஒடையட்டும். கதிரு குடிக்கட்டும்."

கடைசி வயலில் தண்ணீர் வரப்பைத் தொட்ட கொஞ்ச நேரத்தில் இஞ்சின் முக்கி முனகி இறுகி நின்றது. உத்திராபதி வரப்பில் பொத்தென்று உட்கார்ந்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"செங்கத்தூளு போட்டாடி தேய்ப்பே? அது என்ன ஒங்கம்மா வூட்டுச் சீர்ச்சொம்பா? ஒண்ணரை மாசம்டீ... ஒண்ணரை மாசம்..."

"திட்டுங்க, நல்லாத் திட்டுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள் பெரியநாயகி. நான்கு நாள் கழித்து அன்றைக்குத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.