முத்தக்காவின் எதிர் முக்காலி

நகைக் கடையின் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து முத்துக் கோக்கும் பெண்ணுக்குக் கடையில் எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் முத்தக்கா. முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் இவளைவிட மூத்தவர் என்பது வேறு விஷயம். முத்து வாங்க வருகிறவர்களை விற்பனைப் பெண்கள் நேராக அவளிடமே அனுப்பிவிடுவார்கள். அவள் சாம்பல் நிறத் துணியை விரித்து, அதன் மேல் முத்துகளை உருட்டிவிட்டு, முதல் வேலையாக மேசை விளக்கை அணைப்பாள். விளக்கு வெளிச்சத்தில் எல்லா முத்தும் நல்ல பிள்ளைதான், பகல் வெளிச்சத்தில்தான் குட்டு வெளிப்படும் என்பாள். வெள்ளையாக இருந்தால் சரி என்று மனைவிக்கு வாங்க வந்த கணவர்கள் பலர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்த மேசைக்கு எதிரே ஒரு முக்காலி உண்டு. அதில் அவள் யாரையும் உட்கார விடமாட்டாள். கேட்டால் கால் ஆடுகிறது என்பாள். ஒருமுறை தச்சர் அதை ஆட்டிப் பார்த்துவிட்டு, ஆடவே இல்லையே என்றார். உங்களுக்கு ஆடாது, எனக்கு ஆடும் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாள்.

அதில் அவளுடைய செத்துப்போன தங்கை உட்கார்ந்திருந்தாள்.

சின்ன வயதில் அக்கா முத்துக் கோக்கும்போதெல்லாம் எதிரே வந்து உட்கார்ந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகக் கற்றுக்கொண்டவள் அவள். அக்காவுக்கு இடது கைப் பழக்கம். தங்கைக்கு எழுதுவது, சாப்பிடுவது, அக்காவை அடிப்பது எல்லாமே வலது கை. முத்துக்கும் முத்துக்கும் நடுவே போடுகிற முடிச்சை மட்டும் அக்காவைப் பார்த்துப் பார்த்து இடது கையால் போடுவாள். பழகாத கை அல்லவா, ஒவ்வொரு முடிச்சும் இடப்பக்கம் சாய்ந்து, முத்தோடு ஒட்டாமல் மயிரிழை தள்ளி நிற்கும். உன் முடிச்சுக்கும் முத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லையா என்று அக்கா கிண்டல் செய்வாள்.

அப்பா பார்த்த மாப்பிள்ளை பிடிக்காமல் ஒரு விடியற்காலையில் சொல்லாமல் கொள்ளாமல் தங்கை வீட்டைவிட்டுப் போனாள். கழுத்தில் அக்கா கோத்துக் கொடுத்த முத்துச் சரம். அன்றைக்கே ஆற்றில் பயணிகள் படகு கவிழ்ந்தது. அவள் அதில் ஏறியதைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். உடல் கிடைக்கவில்லை. அவள் செத்தாள், இனி அந்தப் பேச்சு வேண்டாம் என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அதன் பிறகுதான் எதிரே வந்து உட்காரத் தொடங்கினாள். கண்ணுக்குத் தெரிந்ததில்லை. முத்தக்கா ஊசியில் பட்டு நூலைக் கோத்ததும் எதிரே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது தெரியும். முடிச்சு இறுகியதும் அந்த மூச்சு மெல்ல வெளியே வரும். முதலில் பயந்துபோய் ஊசியைக் கீழே வைத்துவிடுவாள். நாளாக ஆக அந்தப் பயமே துணையாகிவிட்டது. வேறு துணை வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கொஞ்ச நாளாக அந்த மூச்சைக் காணவில்லை. முத்தக்கா வேண்டுமென்றே தப்பாக முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். எதிரே வெறும் முக்காலிதான் இருந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. செத்தவளை இன்னொரு முறை சாகக் கொடுத்ததுபோல் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த இளம்பெண் வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பழைய முத்துச் சரத்தை எடுத்து வைத்து, இதற்குப் பொருத்தமாகத் தோடு வேண்டும், நூலும் தளர்ந்துவிட்டது, அறுத்துப் புதிதாகக் கோத்துத் தர வேண்டும் என்றாள். முத்தக்கா சரத்தைத் துணியில் நீட்டி விளக்கை அணைத்தாள்.

நடுவில் லேசாகச் சப்பையான ஒரு முத்து. கடையில் கழித்து வைத்ததை, அதுதான் வேண்டும் என்று தங்கை அடம்பிடித்துச் சேர்க்க வைத்தது. அதன் இரண்டு பக்கமும் இருந்தவை அக்கா போட்ட முடிச்சுகள் அல்ல. எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, மயிரிழை தள்ளி நின்றன.

"இதை யாரு கோத்தாங்கம்மா?"

"என் மாமியார். அறுந்து போறப்பல்லாம் அவங்களே கோத்துக்குவாங்க. போன மாசம் தவறிட்டாங்க."

முக்காலி காலியானதும் போன மாதம்தான். அப்படியானால் தங்கை ஆற்றில் சாகவில்லை. இத்தனை காலம் எதிரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது உயிரோடு எங்கேயோ இருந்தவள். முத்தக்கா அந்தச் சப்பை முத்தை விரலால் தொட்டாள்.

மாமியாருக்குச் சொந்தம் என்று யாரும் இல்லையா என்று கேட்டாள்.

"ஒரு அக்கா இருந்தாங்களாம், செத்துட்டாங்கன்னு சொல்வாங்க. ஆனா கோக்க உட்கார்ந்தா எதிர்ல ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டுக்குவாங்க. அதுல எங்க யாரையும் உட்கார விடமாட்டாங்க."

முத்தக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உயிரோடு இருக்கிற ஒருத்தியைச் சாகடிக்க எப்படி மனசு வந்தது? பிறகு தன் வீட்டிலும் அதையேதான் செய்தார்கள் என்று நினைப்பு வர, கோபம் வந்த வழியே போய்விட்டது.

தோட்டுப் பெட்டிகளைத் திறந்தாள். வெள்ளை வெளேரென்று இருந்ததைத் தள்ளிவைத்து, லேசாகப் பாலாடை நிறம் ஓடிய ஒரு ஜோடியை எடுத்து அந்தப் பெண்ணின் காதருகே பிடித்துப் பார்த்தாள். அது சரியாக ஒத்துப்போனது. இனிச் சரத்தை அறுக்க வேண்டும். தங்கை கைபட்டதில் மிச்சம் இருப்பவை இந்த முடிச்சுகள்தான். அறுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால், செத்துப்போன அக்காவாகவே இருந்துவிடலாம்.

கத்தரிக்கோலை எடுத்தவள், முக்காலியைக் காட்டினாள்.

"எவ்வளவு நேரம் நிப்பீங்க? எதிர்ல உட்காருங்கம்மா."

விற்பனைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வந்தவள் உட்கார்ந்தாள். முத்தக்கா ஓரத்து நூலை நறுக்கி, புது நூலில் முதல் முத்தைக் கோத்து, மெதுவாக, எதிரே இருப்பவளுக்கு நன்றாகத் தெரியும்படி முடிச்சுப் போட்டாள். அந்தப் பெண் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். முடிச்சு இறுகியதும் மூச்சை விட்டாள்.

"அத்தைக்கு எல்லாமே வலது கைதான். இது மட்டும்..." என்றவள் பாதியில் நிறுத்திவிட்டு, அந்தக் கையிலிருந்து கண்ணை உயர்த்தி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு எல்லாமே இடது கைதாம்மா" என்றாள் முத்தக்கா. "என்னைப் பாத்துத்தான் கத்துக்கிட்டா."